சூடம் காட்டிய விமானம்

சென்னகிருஷ்ணன் கட்டியதைப் பொம்மை என்று ஊரே சொன்னது. பொம்மையாம் பொம்மை! ஆறடி இறக்கை, வயிற்றுக்குள் ரேடியோப் பெட்டி, மூக்கில் எண்ணெய் குடித்து உறுமுகிற எஞ்சின். தரையில் நின்று பொத்தானை அமுக்கினால் ஆகாயத்தில் வால் திரும்பும். ஐம்பத்தேழாம் வருஷத்தில் ஓசூர்ப் பக்கம் வேறு எவன் வீட்டில் இருந்தது அப்படி ஒன்று?

ரேடியோப் பெட்டி மட்டும் இரவல். பெங்களூரில் விமான மாதிரிகள் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் கொடுத்தது. "நீயே ஒன்று கட்டிப் பறக்கவிட்டுக் காட்டு, வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அப்பா செத்ததும் பெங்களூரை விட்டுவிட்டுக் கிணற்றுமேட்டில் மாடு ஓட்ட வந்தவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இனித்திருக்கும்! அண்ணன் கோவிந்தப்பனுக்குத்தான் வயிறு எரிந்தது. தம்பி போய்விட்டால் தண்ணீர் இறைக்கக் கூலிக்கு ஆள் தேட வேண்டுமே. அன்றிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்று நேரத்தில்கூட மனைவி சரோஜம்மாளைப் பார்த்து, "அவன கேளு" என்பான்.

சென்னகிருஷ்ணன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மூங்கில் சீவினான், சட்டம் ஒட்டினான், வெள்ளைப் பட்டுத் துணியைச் சுருக்கமில்லாமல் இறக்கைமேல் இழுத்து ஒட்டினான். அதன்மேல் டோப் என்று ஒரு பூச்சு. நாற்றம் மூக்கைத் துளைக்கும். காயக் காயப் பட்டு விறைத்து, விரலால் சுண்டினால் தப்பட்டை மாதிரிச் சத்தம் கொடுத்தது. ஈரக்காற்று அடித்த ஒரு நாள் அவசரப்பட்டுப் பூசிவிட்டான். திட்டுத்திட்டாக வெளுத்துப்போக, எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அன்று அழுதேவிட்டான், பாவம்.

அந்தப் பூச்சு பொல்லாதது. காய்ந்த பிறகும் பொறி பட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். "கொட்டாய்ப் பக்கம் யாரும் பீடி பத்தவெக்க வேணாம் அண்ணி, அண்ணங்கிட்டயும் சொல்லிடுங்க" என்றான். கோவிந்தப்பனும் அதற்கப்புறம் பீடியைத் தெருவில் நின்றுதான் குடித்தான்.

விமானம் முடிந்ததும் பட்டறைக்காரர் காரில் வந்து இறங்கினார். வறண்ட ஏரிக்குள் ஊரே கூடிவிட்டது. இறக்கையைத் தடவிப் பார்த்து, "தும்பா சென்னாகிதே" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம்! சென்னகிருஷ்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எஞ்சினை முடுக்கப்போகிற நேரத்தில் கோவிந்தப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் தாம்பாளம், அதில் எரிகிற சூடம்.

"தம்பி! சாமி கும்புடாம எதையாச்சும் ஆரம்பிப்பாங்களா? தள்ளு, நான் காட்டறேன்."

தம்பி என்று அந்த வாய் கூப்பிட்டு எத்தனை மாசம் ஆயிற்று! அதுவும் ஊர் முன்னால். சென்னகிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். சொன்னால் அந்த முகம் மறுபடி திரும்பிக்கொள்ளும். தள்ளிப் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கைகட்டி நின்றான். நின்றானே, மடையன்!

தாம்பாளம் ஒரு சுற்று சுற்றியது. இரண்டாம் சுற்றில் இறக்கை நுனிக்குக் கீழே தாழ்ந்தது. புஸ்ஸென்று கிளம்பிய தீ, ஐயோ என்பதற்குள் பட்டு முழுவதையும் தின்றுவிட்டது. மூங்கில் கரிந்து, இரவல் பெட்டியும் வெந்துபோயிற்று.

பட்டறைக்காரர் சாம்பலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இதற்குப் பக்கத்தில் நெருப்பை விடுகிறவனை வேலைக்கு வைத்தால் என் பட்டறையே எரிந்துபோகும்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. அண்ணனும் தம்பியும்தான் மிச்சம்.

"உனக்குத் தெரியும் இல்ல, அண்ணா?"

கோவிந்தப்பன் மறைக்கவில்லை. "தெரியும். உங்க அண்ணி சொன்னா. உனக்கும்தான் தெரியும். நீ ஏண்டா வாயத் தெறக்கல?"

சென்னகிருஷ்ணன் குனிந்து கரிந்த மூங்கிலைப் பொறுக்கினான். அண்ணன் அவன் தோளில் கை போட்டு, "வா தம்பி, மாடு பூட்டணும்" என்றான். அந்தக் கையை அவன் தட்டிவிடக்கூட இல்லை.