கேஸ் இல்லாத கூட்டு ரோடு

வல்லம் வடகால் தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் இருக்கிறது களத்துமேடு கூட்டு ரோடு. அங்கே யார்மேல் யார் மோதினாலும் முதல் போன் பாண்டுரங்கனுக்குத்தான் போகும். போலீசுக்கு இல்லை, ஆம்புலன்சுக்குக்கூட இல்லை. அவர் முன்னாள் வார்டு மெம்பர். பதவி போனாலும் பவிசு போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றுவார், இடித்தவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைப்பார். டீ ஆறுவதற்குள் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று பேசி முடித்துவிடுவார். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடக்கும். "நம்ம ஊர்லருந்து ஒரு கேஸு ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்ல" என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொள்வார். சொல்லும்போது கை தானாக மீசைக்குப் போகும்.

அதனால்தான் நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் சத்யப்பிரியா ஜீப்பில் வந்து இறங்கியபோது, ஊர் சார்பில் பேச அவரே முன்னால் போய் நின்றார். எந்தெந்த இடத்தில் சிக்னல் வைப்பது, எங்கே பஸ் ஒதுங்க இடம் விடுவது என்று திட்டம் போடுகிறார்களாம்.

"மேடம், இங்க கண்டிப்பா சிக்னல் வேணும். ஷிப்ட் வுடற நேரம் வந்து பாருங்க. கம்பெனி பஸ்ஸு அந்தாண்ட நிக்கும், பொம்பளைங்க இந்தாண்ட ஓடி வருவாங்க. லாரி பாட்டுக்கு வந்துகினே கீது."

சத்யப்பிரியா கையிலிருந்த டேப்லெட்டில் விபத்து வரைபடத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "சுங்குவார்சத்திரம் பக்கம் பாருங்க சார், எவ்ளோ சிவப்புப் புள்ளி. உங்க கூட்டு ரோட்டுல ஒண்ணுகூட இல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டாத்தான் எங்க கணக்குல வரும். விபத்தே நடக்காத இடத்துக்கு சிக்னல் கேட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க."

"நடக்காமயா? பேச்சிக்குக் கால் ஒடிஞ்சுது, பால்காரருக்கு இடுப்பு…" என்று ஆரம்பித்த பாண்டுரங்கன் பாதியில் நிறுத்திக்கொண்டார். அத்தனையையும் பேசி முடித்தது அவர்தானே! டீக்கடையில் இருந்தவர்கள் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்யப்பிரியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல பெண், குத்திக்காட்டவில்லை.

"இனிமே எது நடந்தாலும் கேஸ் குடுங்க சார்."

"அடுத்தது நடந்தா நானே போய்க் குடுக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார் பாண்டுரங்கன். அடிபடப்போவது எப்போதும் யாரோ ஒருவர் என்ற நினைப்பு அவருக்கு.

அடுத்தது அவர் வீட்டுக்கே வந்தது. அவர் மனைவி கிளியம்மாள் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவள். ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, பஸ்ஸின் முன்பக்கமாக வந்து ரோட்டைத் தாண்டினாள். எல்லோரும் அப்படித்தான் தாண்டுவார்கள். பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வேன் ஒன்று அவளை இடித்துத் தள்ளியது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவன் தப்பி ஓடவில்லை. அவனே தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அவன் செந்தமிழன், பாண்டுரங்கனின் தங்கை ராஜாமணியின் ஒரே மகன்.

ராஜாமணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அதே கேன்டீனில்தான் வேலை செய்கிறாள். மகனுக்கு ஒரு பெரிய கம்பெனியில் நிரந்தர டிரைவர் வேலை கைகூடி வந்திருந்தது. போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

"அண்ணா, கேஸுன்னு வந்தா வேலை போச்சு. அண்ணிய நான் பாத்துக்கறேன். யார் யாருக்கோ பேசி முடிச்ச, இது நம்ம புள்ளண்ணா."

பாண்டுரங்கன் உள்ளே போய், கேஸ் கொடுக்கட்டுமா என்று மனைவியிடம் கேட்டார். 'வுட்டுடு' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். அதற்காகத்தான் கேட்டார்.

கிளியம்மாளுக்கு அவரைத் தெரியாதா? "என்னை இன்னாத்துக்குக் கேக்கற? பேச்சி கால் ஒடிஞ்சு கெடந்தப்ப அவளக் கேட்டியா? தென்காசிலருந்து பொழைக்க வந்தவ, கேக்க நாதியில்லன்னு நீ பாட்டுக்கு முடிச்சுட்ட. அவ இன்னும் விந்தி விந்தி அதே ரோட்டத்தான் தாண்டறா."

பாண்டுரங்கனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டினார். எதிரே செந்தமிழன் நின்றிருந்தான். சட்டையில் அத்தையின் ரத்தம் காய்ந்திருந்தது. மாமா எங்கே போகிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஊருக்கே பேசி முடிச்ச மாமா. எனக்கு மட்டும் ஸ்டேஷனா?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. "ஆமாண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஸ்டேஷனில் எழுத்தர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மெம்பர், வழி தவறி வந்துட்டீங்களா?"

பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. ஓட்டியவன் பெயரைச் சொன்னார். கேட்காமலே உறவையும் சொன்னார். "பஸ்ஸு ஒதுங்க அங்க எடமே இல்ல சார். பஸ்ஸ தாண்டி வந்தா எதுக்க வர்ற ஆளு தெரியாது. பையன் ஓடாம நின்னு அவனேதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனான். அதையும் எழுதிக்கோங்க" என்று கெஞ்சினார். எழுத்தர் எழுதிக்கொண்டார். ஆனாலும் கேஸ் கேஸ்தான்.

செந்தமிழனுக்கு வரவேண்டிய வேலை வேறு ஒருவனுக்குப் போனது. அவன் குன்றத்தூரில் ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். சொந்தத் தங்கை மகனையே விடாத மனிதரிடம் இனி என்ன பஞ்சாயத்து என்று ஊரில் யாரும் அவருக்குப் போன் செய்வதில்லை. அடுத்தடுத்து அடிபட்டவர்கள் நேரே ஸ்டேஷனுக்குப் போனார்கள். சத்யப்பிரியாவின் வரைபடத்தில் களத்துமேட்டிலும் புள்ளிகள் சேர்ந்தன. திட்டத்தில் இடம் கிடைத்தது. கம்பம் நட்டார்கள், பஸ் ஒதுங்க இடம் விட்டார்கள்.

சிக்னல் எரிந்த முதல் நாள் சாயங்காலம் பாண்டுரங்கன் இந்தப் பக்கம் வந்து நின்றார். எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து ராஜாமணி இறங்கினாள். அண்ணனோடு அவள் பேச்சை நிறுத்தி வருஷம் தாண்டிவிட்டது. லாரிகள் வரிசையாக நின்றன. பெண்கள் ஓடாமல் நடந்து வந்தார்கள். பேச்சியும் விந்தியபடி அவசரமில்லாமல் வந்தாள். ராஜாமணி அவரைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அங்கே இன்னொரு கம்பம் நிற்கிறது என்பதுபோல ஒதுங்கிப் போனாள்.

செய்தது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அழுகை வந்தது. அவள் பத்திரமாக ரோட்டை விட்டு ஏறித் தெருவுக்குள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினார்.