அரிசி தேடிப் போனவர்

பட்டாளத்தில் கணக்கராக இருந்துவிட்டு, யுத்தம் முடிந்த மறு வருஷம் ஹாலாஸ்யம் மதுரைக்குத் திரும்பினார். அஸ்ஸாம் பக்கத்து முகாம்களில் சைவச் சாப்பாட்டுக்காரன் பாடு பெரும்பாடு. உருளைக்கிழங்கும் பருப்பும் தானே வேகவைத்துத் தின்றே காலத்தை ஓட்டினார். அப்போதெல்லாம் அவர் நினைவில் ஓடியது ஒன்றுதான். மனைவி வாலாம்பாள் வாழை இலையில் ஆவி பறக்கச் சாதம் போட்டு, வத்தக்குழம்பை ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விடுவாள். அருகில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இலைக்குத்தான் அவர் ரயிலேறினார்.

வந்த மறுநாள் அவர் கண் விழித்தபோது சிம்மக்கல் சந்தில் இருந்த அந்தச் சின்ன வீடு பரபரத்துக்கொண்டிருந்தது. வாலாம்பாள் குமுட்டி அடுப்பில் கம்பு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயது ஜானு கொல்லை மரத்து முருங்கைக்கீரையை ஆய்ந்து தம்பியிடம் கொடுக்க, பிச்சுமணி அதை அலசினான். ஒரு கொதி வந்த பருப்புப் பானையை வாலாம்பாள் இறக்கி, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் புதைத்து, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடினாள்.

"அது என்ன?" என்றார்.

"அந்தச் சூட்டிலேயே வெந்துடும். கரியும் மிச்சம், நின்னு கிளறவும் வேண்டாம். மத்தியானம் எடுத்துக் கீரையப் போட்டுக் கடைஞ்சுக்கோங்கோ. கம்பஞ்சாதம் அந்தக் கற்சட்டியில இருக்கு. மோர் உறியில."

சொல்லிக்கொண்டே அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் வாத்திச்சி. அவர் போன பிறகு பிடித்த வேலை. மூவரும் ஆளுக்கொரு தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் பிச்சுமணி மட்டும் திரும்பி, "போயிட்டு வரோம் மாமா" என்றவன், அக்கா முறைக்கவும், "அப்பா" என்று திருத்திக்கொண்டான்.

மத்தியானம் அவர் தனியாக உட்கார்ந்து கம்பஞ்சாதத்தைப் பிசைந்தார். தொண்டையில் இறங்கவில்லை. பழைய ஆபீஸில் வேலை திரும்பக் கிடைக்க இன்னும் நாளாகும் என்றார்கள். நாள் முழுக்க அந்த வீட்டில் அவரைத் தேடி ஒரு வேலையும் வரவில்லை.

ரேஷனில் கிடைத்த அரிசி வாரத்தில் ஓரிரு வேளைக்கே காணும். சனிக்கிழமை அவர் பரவைக் கிராமத்துக்கு நடந்தார். அங்கே மலையாண்டி என்று வயல் வைத்திருந்த ஒரு சம்சாரி இருந்தான். பழைய நாளில் அவர்கள் வீட்டுக்கு வருஷ நெல் போட்டவன்.

"வாங்க சாமி, எப்ப வந்தீக?" என்று களத்திலிருந்து எழுந்து வந்தான் மலையாண்டி. அரிசி என்று கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. "அறுத்த நெல்ல அம்புட்டையும் சர்க்காருக்கு அளந்தாச்சு. எங்களுக்கே கம்மங்கஞ்சிதான் சாமி. ஒங்க வீட்டம்மாவே எங்கிட்டதான கம்பும் கேப்பையும் வாங்குறாக?"

"வாலாம்பாளா? இங்கயா வரா?"

"லீவு நாள்ல வருவாக. அவுகளே பையத் தூக்கிட்டு நடந்து போவாக. வண்டியில ஏத்தி விடுறேன்னா கேக்க மாட்டாக."

ஹாலாஸ்யம் சற்றுத் தயங்கினார். "என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?"

"நான்தான் கேப்பேன் சாமி. காயிதம் வந்துச்சும்பாக. அதுக்கு மேல பேசமாட்டாக." மலையாண்டி உள்ளே போய், விதைக் கோட்டை கட்டியது போக மிஞ்சிய நெல்லைக் குத்தி வைத்திருந்த சம்பா அரிசியில் கொஞ்சம் கொண்டு வந்து அவர் துண்டில் கொட்டினான். "நீங்க இம்புட்டுத் தூரம் வந்துட்டீக. வெறுங்கையா அனுப்ப மனசு வல்ல."

திண்டுக்கல் ரோட்டில் அவர் அரிசி மூட்டையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். விளாங்குடி தாண்டும்போது கால் ஓய்ந்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார். இதைவிடப் பெரிய சுமையோடு அவள் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அவர் அவளுக்கு எழுதிய கடிதங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று ஒன்றிலாவது கேட்டிருந்தாரா? ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆசைப்பட்டபடியே சமையல் நடந்தது. வாலாம்பாள் முகம் சுளிக்காமல் சாதம் வடித்து வத்தக்குழம்பு வைத்தாள். வாழை இலை, ஆவி, நல்லெண்ணெய் எல்லாம் இருந்தன. குழந்தைகள் சமர்த்தாகச் சாப்பிட்டார்கள். விருந்தாளி எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற சமர்த்து.

"அம்மா, நாளைக்குக் கம்பு தோசைதானே?" என்று பிச்சுமணி கிசுகிசுத்தான். ஜானு அவன் தொடையில் கிள்ளினாள். ஹாலாஸ்யம் சிரித்தார். ஆனால் அடுத்த கவளம் வாயில் வெறும் சோறாக இருந்தது.

குழந்தைகள் விளையாடப் போனதும் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் இல்லாம எல்லாத்தையும் நன்னா நடத்திண்டிருக்கே."

"நடத்தித்தானே ஆகணும்" என்றாள் அவள், இலைகளை எடுத்தபடி. பிறகு, அவர் நகராமல் நிற்பதைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க போன முதல் வருஷம் இவாளுக்கு வெறும் சாதமும் மோரும்தான். எனக்கு வேற பண்ண நேரமும் இல்லை, கையில காசும் இல்லை. அப்பறம் அதுவும் குறைஞ்சுது. பிச்சுமணிக்கு வாயெல்லாம் புண்ணு, கடவாய் வெடிச்சு, ஒரு வாய் தண்ணி குடிக்க அழுவான். கீரையும் தவிடு போகாத தானியமும் குடும்மான்னு ஆஸ்பத்திரியில சொன்னா. கம்பைக் குத்தத் தெரியாம கை கொப்புளிச்சுது. அக்கம்பக்கத்துல, பிராமணாள் ஆத்துல கம்பான்னு சிரிச்சா."

"எனக்கு ஏன் எழுதலை?"

"எழுத உக்காருவேன். அங்கேர்ந்து நீங்க என்ன பண்ண முடியும்னு, எல்லாரும் சௌக்கியம்னு எழுதி ஒட்டிடுவேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவரை அதிகமாக வருத்தியது. அவள் குனிந்து தரையை மெழுக ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மூவரும் கிளம்பிப் போனபின் அவர் கொல்லைக்குப் போய் முருங்கைக்கொத்து ஒடித்தார். ஊறிக்கிடந்த கம்பை ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்தார். முகாமில் கிழங்கு வேகவைத்த கைக்கு அது வசப்படவில்லை. மாவு ஒரு பக்கம் மையாகவும் ஒரு பக்கம் நொய்யாகவும் வந்தது. பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி கிணற்றடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் மூவரும் வந்தபோது தட்டில் கீரை அடை அடுக்கியிருந்தது. வாலாம்பாள் அடுப்பைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், கால் அலம்பிக்கொண்டு வந்தாள். அவரே பரிமாறினார். அவளையும் உட்காரச் சொன்னார். இந்த வீட்டில் அவள் மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"காம்பு நிறைய இருக்குப்பா" என்றாள் ஜானு, வாயிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி.

"உப்பும் இல்லை" என்றான் பிச்சுமணி.

வாலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அவருக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு அவள், "இன்னொண்ணு போடுங்கோ" என்று தட்டை நீட்டினாள்.

சாப்பிட்டதும் குழந்தைகள் பாடத்துக்கும் அவள் பள்ளிக்கூட நோட்டுகளுக்கும் போய்விட்டார்கள். மூன்று தலைகளும் ஒரே விளக்கடியில் குனிந்திருந்தன. அந்த வெளிச்சத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்ததா என்று தெரியவில்லை. ஹாலாஸ்யம் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சாம்பலைத் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார்.

"அப்பா, தோசைக்கல்லை விட்டுட்டேளே" என்று உள்ளேயிருந்து பிச்சுமணி கத்தினான்.

"இதோ வரேன்" என்றார் அவர்.