அஞ்சுவின் படம் வைத்த போன்கள்

திங்கள்நகரில் போன் பழுது பார்க்கும் கடை நடத்துகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். எனக்குக் கூடுதல் நீளம் என்பார்கள். ஆனால் அன்று காலை தாணம்மாள் மூன்று போன்களை என் மேசையில் வரிசையாக வைத்தபோது, நான் வாய் திறக்கும் முன்பே அவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"சுஜி மக்கா, அந்தப் பெண்ணுக்க படம் வீட்டுக்குள்ள வந்து ஒரு மணிக்கூர் ஆகல்ல. எனக்க போன் போச்சு, எங்க வீட்டுக்காரருக்க போன் போச்சு, மகளுக்க போனும் போச்சு. ராசி கெட்டவளா இருப்பாளோன்னு பயமா கெடக்கு."

அந்தப் பெண் அஞ்சு. தாணம்மாளின் மகன் அபிலாஷுக்கு அவளை நிச்சயம் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முட்டம் கடற்கரைப் பாறைமேல் நிறுத்தி எடுத்த அவள் படத்தை போட்டோகிராபர் ஷிபின் அனுப்பியிருக்கிறான். மருமகள் வரப்போகிற குஷியில் வீட்டில் எல்லாரும் அதையே வால்பேப்பராக வைத்திருக்கிறார்கள். வைத்த கையோடு போன் அணைந்தது, தானாக எழும்பியது, மறுபடி அணைந்தது. இப்போது என் மேசையிலும் மூன்றும் அதையேதான் செய்துகொண்டிருந்தன.

"சாயங்காலம் தரகர் வாறார். இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லி அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார் தாணம்மாள். அவர் முதுகுக்குப் பின்னால் அபிலாஷ் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு வருடம் முன்பு என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் கார் வழியில் பஞ்சரானது. அத்தோடு பேச்சும் நின்றது. பஞ்சருக்கு ஆணிதான் காரணம் என்று சொல்ல அன்று யாரும் இல்லை.

"உங்க போன்ல இந்தப் படம் இல்லியா?" என்று அபிலாஷைக் கேட்டேன்.

எடுத்துக் காட்டினான். வால்பேப்பரில் அஞ்சு சிரித்துக்கொண்டிருந்தாள். போனுக்கு ஒரு கேடும் இல்லை.

"அவனத்தான் மயக்கி வச்சிருக்காளே, அவனுக்க போன் எப்படிச் சாவும்?" என்றார் தாணம்மாள்.

எனக்கு வேண்டிய துப்பு அதில் கிடைத்தது. செத்த மூன்றும் ஓணத் தள்ளுபடியில் சேர்த்து வாங்கிய ஒரே மாடல். அபிலாஷுடையது வேறு. மூன்றையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் இணைத்து, வால்பேப்பரை மட்டும் அழித்தேன். மூன்றும் சமர்த்தாக எழும்பின. பிறகு படத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

வெளிச்சத்தை அளக்க அந்தப் போனின் மென்பொருளில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் படிகள் உண்டு. ஒவ்வொரு படத்தோடும் நிறங்களை எப்படிக் காட்டவேண்டும் என்றொரு குறிப்பு வரும். ஷிபின் மெருகேற்றியபோது ஒட்டிக்கொண்ட குறிப்பு, கடலில் மின்னிய ஒரே ஒரு புள்ளியை இருநூற்று ஐம்பத்தாறாவது படிக்கு ஏற்றிவிட்டது. இல்லாத படியில் கால் வைத்துப் போன் விழுகிறது. எழும்பினால் முதல் வேலையாக வால்பேப்பரை வரையப் போகிறது, திரும்ப விழுகிறது. வேண்டுமென்றே ஒருவன் இப்படிப் படம் செய்து ஊரெல்லாம் அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கே திக்கென்றது. கம்பெனிக்கு அப்போதே ஒரு மெயில் தட்டினேன்.

எல்லாவற்றையும் தாணம்மாளுக்குப் பொறுமையாக விளக்கினேன். பொறுமையாக இருப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

"நீயும் பெண்ணுக்குப் பரிஞ்சு பேசுத" என்றார்.

பொறுமை தீர்ந்தது. "அம்மா, அந்த வெயில்ல கொஞ்சம் நில்லுங்கோ."

வாசலில் நிறுத்தி அவரைப் படமெடுத்தேன். வெள்ளை ரவிக்கையில் வெயில் பளீரென்று விழுந்தது. அஞ்சுவின் படத்திலிருந்த குறிப்பை எடுத்து இந்தப் படத்தில் ஒட்டினேன். அவருடைய போனிலேயே, அவர் கண் முன்னாலேயே, வால்பேப்பராக வைத்தேன்.

போன் அணைந்தது. எழும்பியது. அணைந்தது.

அபிலாஷ் அன்றைக்கு முதல்முறையாகச் சத்தம் போட்டான். சிரிப்புச் சத்தம். தாணம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிறுத்துவிட்டது.

"அப்போ நானும் ராசி கெட்டவளா மக்கா?"

எனக்குப் பாவமாகிவிட்டது. "உங்களுக்கும் ஒண்ணும் இல்லம்மா, அவளுக்கும் ஒண்ணும் இல்ல. இந்தப் போனுக்குத்தான் கூறு இல்ல."

தாணம்மாள் மகனின் போனை வாங்கி அஞ்சுவை அழைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "மோளே, முகூர்த்தச் சேலைக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்தியா? கழுத்து ரொம்ப எறக்கம் வைக்காண்டாம், கேட்டியா?" என்றார். தரகரிடம் சாயங்காலம் வரவேண்டாம் என்று சொல்லும் வேலையை அபிலாஷிடம் விட்டார். அவன் தரகரின் எண்ணைத் தேடிக்கொண்டே படி இறங்கினான். என் பஞ்சருக்கும் சேர்த்து யாரோ பதில் சொன்னதுபோல எனக்கு நிறைவாக இருந்தது.

அவருடைய போனை மறுபடி எழுப்பிக் கொடுத்தேன். கிளம்பும்போது தாணம்மாள் குரலைத் தாழ்த்தினார். "எனக்க படத்தையும் சரியாக்கி அவளுக்கு அனுப்பு. நல்லாத்தான் இருக்கு. அவளும் போன்ல வைக்கட்டு."

"அவ போன் எந்த மாடல்?"

"இதே போன்தான். ஓணத்துக்கு நாலு வாங்குனோம். ஒண்ணு நிச்சயத்துக்கு அவளுக்குக் குடுத்தோம்."

அந்தக் குறிப்பு படத்தைவிட்டு முழுதாக நீங்கியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். மாமியார் படத்தை வைத்து மருமகள் போன் செத்தால், அதற்கு விளக்கம் சொல்ல என்னிடம் எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை.