ரெஜின் போட்ட ரவுண்டானா

அல் ஐன் நகரத்துக்கு முதல்முறை வருகிறவர்கள், பாலைவனத்துக்கு நடுவில் இவ்வளவு பச்சையா என்று வாயைப் பிளப்பார்கள். அதில் பாதி எங்கள் ரெஜினின் கைவேலை என்று சொல்வேன். கொஞ்சம் கூடுதல்தான், இருக்கட்டுமே. சாலை நடுவே பேரீச்சையும் ரவுண்டானாக்களில் பூச்செடியும் நடுகிற கூட்டத்துக்கு அவன்தான் சூப்பர்வைசர்.

நடத் தெரிந்தவனுக்கு வாய் திறக்கத் தெரியாது. இரண்டு வருடமாக சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் என் எதிரில் வந்து நிற்பான். "சாப்பிட்டியா பிள்ள?" என்பான். அவ்வளவுதான். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். குமரிக் கடற்கரையில் மீன்பிடிக்கிற அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். லீவில் நான் போய் இறங்கிய மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். பிளைட் ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல், இல்லையென்றால் என் கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்து சேர் என்று ரெஜினிடம் கத்திவிட்டேன்.

தலையைச் சொறிந்தான். "ஒங்க ஆஸ்பத்திரி முன்னால உள்ள ரவுண்டானாவப் பாத்துட்டே இரு, சுபிஷா. பூ பூத்தா தெரியும்," என்றான்.

அன்றிலிருந்து டியூட்டி பஸ்ஸில் ஜன்னலோர சீட் எனக்குத்தான். விஷயம் பரவி, மற்ற நர்ஸுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். நாளுக்கு நாள் வெறும் பச்சை. ஊருக்குக் கிளம்புகிற நாள் காலையில்தான் முழுசாகப் பூத்திருந்தது. வெள்ளைக்கு நடுவே சிவப்பாக ஒரு பட்டை, அதில் கொஞ்சம் மஞ்சள். பஸ் ரவுண்டானாவைச் சுற்றியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பட்டைதான். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கேஷுவால்டியில் அன்று லீவுக்கு முந்தைய கடைசி டியூட்டி. உம்மு ஹானி என்ற வயதான அரபு அம்மாவை நாலாம் மாடி வார்டுக்கு வீல்சேரில் தள்ளிப் போனேன். திரையை விலக்கச் சொன்னார். கீழே கை காட்டி, "மர்க்கப்," என்றார். படகு.

எட்டிப் பார்த்தேன். ரவுண்டானாவில் எங்கள் அப்பாவின் வள்ளம் கிடந்தது. சிவப்பு உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, முன்பக்கம் தூக்கிய அணியம், எல்லாம் நான் எப்போதோ காட்டிய போட்டோவில் உள்ளபடியே. உள்ளே மஞ்சள் பூவில் இரண்டு தலைகள். மடையன்! மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற படத்தைத் தரையில் நட்டுவிட்டு, பஸ்ஸில் போகிறவளுக்குத் தெரியும் என்று நம்பியிருக்கிறான். சந்தோஷம் தாங்காமல் உம்மு ஹானிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டேன். காரணம் தெரியாமலே அவரும் சிரித்தார்.

ரெஜினுக்குப் போன் போட்டேன். கீழே ஹோஸ் பைப்போடு நின்றவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பஸ்ஸுலயிருந்து தெரியலியா?" என்றான். பிறகு, "அப்ப நான் வாயாலயே சொல்லணுமோ?"

சொன்னான். அது எனக்கு மட்டும்.

அடுத்து அப்பாவுக்கு வீடியோ கால். போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்.

"இது நம்ம வள்ளமில்லா? ஆரு மக்களே போட்டது?"

யாரென்றும், எதற்கென்றும் சொன்னேன். அப்பா முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து வள்ளத்தை உற்றுப் பார்த்தார்.

"அணியம் இம்புட்டு தூக்கலா இருந்தா அலையில கவுந்திரும்," என்றார் கடைசியில். "அவனக் கூட்டிட்டு வா, நான் சொல்லிக்குடுக்கேன். பெண்ணு பாக்க வாறவங்கள வரவேண்டாமுன்னு சொல்லிருதேன்."