மாமாவின் நெஞ்சில் ஒரு பேட்டரி

"தூக்காதீங்க!" என்று மருமகள் போட்ட சத்தத்தில், குனிந்த நாலு பேரும் அப்படியே நின்றார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். உயிரோடு இருந்தவரை மாமனாரோடு மல்லுக்கு நின்றவள், இப்போது போகவும் விடமாட்டேன் என்கிறாளே என்று கூட்டம் முணுமுணுத்தது.

கணவன் அவள் தோளைத் தொட்டான். "விடும்மா. நேரமாகுது."

"மாமா நெஞ்சுல பேட்டரி இருக்குங்க!"

உண்மைதான். போன வருஷம் இதயம் தாளம் தப்பியபோது, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பேஸ்மேக்கரைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். தகன மேடையின் சூட்டில் அது வெடித்துவிடும். எல்லாரும் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார்கள், சாவை உறுதி செய்த எதிர்வீட்டு டாக்டர் உட்பட.

சின்ன மாமனார் துண்டை உதறினார். "செத்தவரைப் போய் அறுக்கச் சொல்றியா? நிம்மதியா போகட்டும்மா."

"எங்க நிம்மதியா போவாரு, சின்ன மாமா? ரிமோட் பேட்டரிய குப்பையில போட்டதுக்கே ரெண்டு மாசம் என்கூட பேசல. நெருப்புல போட்டா சும்மா விடுவாரா?"

அதில் மிகை ஒன்றும் இல்லை. தினமும் குப்பை வண்டி வருவதற்கு முன் மாமனார் கூடையைக் கிளறிப் பார்ப்பார். தீர்ந்த பேட்டரி ஒன்று அகப்பட்டால் போதும், வீடே அதிரும். "யாரு போட்டது இத? மண்ணுக்கு விஷம் வைக்கிறீங்களா?" பிறகு அதன் முனைகளில் டேப் ஒட்டி, மாடிப்படிக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போடுவார். டப்பா நிறைந்ததும், ஓடாத மிக்சி, எரியாத டியூப் லைட் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மின்கழிவு வாங்கும் இடத்துக்குப் போவார். கல்யாணத்துக்குப் போய் வந்தவர் போல மலர்ந்த முகத்தோடு திரும்புவார். தெருவில் அவருக்கு 'பேட்டரி தாத்தா' என்றே பெயர். அதைக் கேட்டாலே மருமகளுக்கு மானம் போகும்.

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன், காலையிலிருந்து அழாதவன், சிரிப்போடு சிரிப்பாக உடைந்து அழுதான். அதைப் பார்த்த சின்ன மாமனார் வழிவிட்டார்.

டாக்டர் தலையைச் சொறிந்தபடி பையோடு வந்தார். அறைக்கதவு மூடித் திறந்தது. துடைத்து கவரில் போட்ட அந்தச் சின்ன உலோகப் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துடுங்கம்மா. முடியலேன்னா தூக்கி..."

அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்வரை இருக்கட்டும் என்று அவள் அந்த கவரை பிஸ்கட் டப்பாவில் வைத்தாள்.

மறுநாள் காலை குப்பை வண்டியின் மணி கேட்டது. வீடு கொள்ளாத உறவுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடையோடு வாசல்வரை போனவள் என்ன நினைத்தாளோ, நின்று கையை விட்டுக் கிளறினாள். காகிதக் கோப்பைகளுக்கு அடியில் டார்ச் லைட் பேட்டரி இரண்டு கிடந்தன.

"யாரு போட்டது இத?" வீடே அதிர்ந்தது. "மண்ணுக்கு விஷம் வைக்கிறீங்களா?"

கூடத்தில் இருந்த எல்லாரும் ஜன்னலோரம் கிடந்த மாமனாரின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேட்டரிகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு டேப்பைத் தேடிப் போனாள்.