அந்தோணிராஜ் யாரையும் அடிக்கவில்லை

செத்துப்போன ஏழு மாதத்துக்குள் அந்தோணிராஜ் நாலு பேரை அடித்துவிட்டான் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் ஒருத்தரையும் கைநீட்டி அடித்ததில்லை. குடித்துவிட்டு வந்த நாளில்கூடச் சுவரோரம் சுருண்டு படுத்துக்கொள்வான். இது அவன் பெண்டாட்டி மூக்கம்மாளுக்குத் தெரியும். அதே கம்பெனியில் செக்கிங்கில் உட்கார்ந்து, பனியன்களைப் புரட்டி ஓட்டை தேடிக்கொண்டே, புருஷன் அடித்த கதையை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மங்கலம் ரோட்டில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் அது. கடைசியில் மூன்று அயர்ன் டேபிள்கள். சுவரோரம் இருந்த மூன்றாவதில் வேலை செய்யும்போதுதான் அந்தோணிராஜ் விழுந்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு அவள் திரும்பி வருவதற்குள் கதை தயாராகியிருந்தது. அந்த டேபிளைத் தொட்டால் அவன் அடிக்கிறான். தோள்பட்டை வரைக்கும் இழுக்கிறது. கடைசியாக அடிவாங்கிய பீகார்க்காரன் வலது கையைத் தூக்க முடியாமல், பேயைத் தன் பாஷையில் பூத் பூத் என்று சொல்லிப் புலம்பிக்கொண்டு அன்றைக்கே ரயிலேறிவிட்டான். டேபிள் காலில் யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அது காய்ந்ததும் இன்னொன்று கட்டினார்கள்.

பக்கத்தில் உட்காரும் குழந்தையம்மாளுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "ஏனுங்க மூக்கம்மா, உங்க ஊட்டுக்காரருகிட்டக் கொஞ்சம் சொல்லி வையுங்க. போன மாசம் எங்கொழுந்தனாரையும் அடிச்சுப்போட்டாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரல்ல?"

"உசுரோட இருந்தப்பவே அவுக நான் சொல்லிக் கேட்டதில்ல."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றுச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

அவன் சாவதற்கு முன்னால் தினமும் ஒரே பேச்சுதான் பேசினான். டேபிளைத் தொட்டால் கை சுருசுருவென்று இழுக்கிறது, சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பான். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து நாலாக மடித்துக் காலுக்கடியில் போட்டுக்கொண்டுதான் நிற்பான். அவன் விழுந்த அன்றைக்கு நீராவிக் குழாய் ஒழுகி, அந்த அட்டை ஊறிக் கூழாகிக் கிடந்தது. அவள் கண்ணால் பார்த்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

முதலாளி தண்டாயுதபாணி ஒருநாள் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். சினிமா வில்லன் மாதிரியெல்லாம் இல்லை. எழுந்து நின்று நாற்காலி காட்டுகிற ஆள்.

"உக்காருங்கம்மா. அந்த டேபிள்ல ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க. அமாவாசையன்னிக்குக் காலையில பேயோட்டறதுக்குக் கோடங்கிய வரச்சொல்லியிருக்கறனுங்க. உங்க ஊட்டுக்காரரு போட்ட சட்டை ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க. பொண்டாட்டி வாயால மூணு தடவ போயிருன்னு சொல்லோணுமாமா. அப்பறம் சட்டையப் புளியமரத்துல வெச்சு ஆணியடிச்சுருவாங்க. பூசை முடிஞ்சதும் புது ஆளப் போட்டறலாமுங்க."

"அவுக வேதக்காரவுக மொதலாளி. கோடங்கி சொன்னாக் கேப்பாகளா?"

அவர் அதை நிஜமாகவே யோசித்தார். "வேணும்னா ஃபாதரையும் கூப்பிட்டுக்கலாமுங்க."

"ஒயரைப் பாத்தீகளா?"

"அதெல்லாம் கரெக்ட்டா இருக்குதுங்க."

கதவோரம் நின்ற எலக்ட்ரீசியன் பரணி தரையைப் பார்த்தான். வெளியே வந்ததும் மூக்கம்மாள் அவனை மறித்தாள். "ஏம்ப்பா, அந்த டேபிளுக்கு எர்த் இருக்கா?"

"அதெல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவன் வேகமாகப் போய்விட்டான். அந்தப் பதில் அவளுக்குப் போதும். சாயங்காலம் கடையில் ஒரு டெஸ்டர் வாங்கினாள். எப்படிப் பிடிப்பது என்று கடைக்காரனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அமாவாசையன்று பத்து மணிக்குக் கோடங்கி பெருமாள்சாமி மூன்றாம் டேபிள் முன்னால் திருநீற்றைக் குவித்து உடுக்கையை அடித்தார். தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. வாசலில் கண்டெய்னர் வண்டி நின்றது, மதியத்துக்குள் சரக்கு கிளம்பியாக வேண்டும். பாதிப்பேர் தைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள்.

"சட்டையக் குடும்மா" என்றார் கோடங்கி.

"சட்டை அவுககூடவே மண்ணுக்குள்ள போயிட்டு." பையிலிருந்து டெஸ்டரை எடுத்தாள். அதன் தலையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, முனையை டேபிளின் இரும்புக் காலில் வைத்தாள். சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. எடுத்தாள், அணைந்தது. மறுபடி வைத்தாள்.

"கோடங்கியாரே, பேய் தொட்டா டெஸ்டர் எரியுமா?"

உடுக்கை நின்றது. மூக்கம்மாள் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். இதைப் பார்த்த பிறகு யாரும் பேயென்று சொல்ல முடியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பாரு, வெளக்குலயே வந்து நிக்கறான்."

இரண்டு பெண்கள் கும்பிட்டார்கள்.

கரண்டு கொன்றவனைப் பேயாக்கி, கொன்ற கரண்டைக் கையெடுத்தும் கும்பிடுகிறார்கள்.

"சரிங்கம்மா, பரணி பாத்துக்குவாப்ல" என்றார் முதலாளி. "பூசை நேரம் போகுதுங்க."

அவள் நேராக மெயின் போர்டுக்குப் போனாள். பரணி செய்து எத்தனையோ தடவை பார்த்ததுதான். கைப்பிடியை இறக்கினாள், மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் உருவி மடியில் கட்டிக்கொண்டாள். எண்பது மெஷின்களும் ஒரே மூச்சில் நின்றன. ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன.

தண்டாயுதபாணி ஓடி வந்தார். "என்னங்கம்மா இது, வெளிய வண்டி நிக்குதுங்க."

"ஒயரை மாத்தணும்."

"இன்னைக்கே மாத்தறமுங்க."

"அவுக யாரையும் அடிக்கல, கரண்டுதான் அடிச்சுதுன்னு எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

"அவரு படத்த மாட்டி வருஷாவருஷம் மாலை போடறமுங்க. கட்டையக் குடுங்க."

"படம் வேண்டாம். சொல்லுங்க."

அவர் பரணி பக்கம் திரும்பினார். "வேற கட்டை எடுத்துட்டு வாடா."

"ஸ்டோர்ல இல்லீங்க" என்றான் பரணி. இல்லாமல் இருக்காது என்று மூக்கம்மாளுக்குத் தெரியும்.

தகரக் கூரையின் சூடு தலைமேல் இறங்க ஆரம்பித்தது. முதலாளியின் போன் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. எடுத்துப் பார்த்தவருக்கு முகம் மாறியது. ஏழு மாதமாக ஒட்டிக்கொண்டிருந்த மரியாதை அத்தனையும் உதிர்ந்தது.

"ஆமா, கரண்டுதான் அடிச்சுது. எர்த் இல்ல. அதுலதான் செத்தான். பேயும் இல்ல, ஒரு மசுரும் இல்ல. போதுமா? குடு கட்டைய."

மெஷின் சத்தம் இல்லாத கூடத்தில் அது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மூக்கம்மாளுக்கு நெஞ்சு குளிரவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. மடியை அவிழ்த்துக் கட்டைகளை எடுத்து நீட்டினாள். அவர் கையும் நீண்டது.

"ஏனுங்க மொதலாளி." செக்கிங் மேசையிலிருந்து குழந்தையம்மாள் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. "அப்பறம் எதுக்குங்க ஹார்ட்டு அட்டாக்குன்னு எழுதிக் குடுத்தாங்க?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் தண்டாயுதபாணிக்கு உறைத்தது. பரணியைப் பார்த்தார், கோடங்கியைப் பார்த்தார். கோடங்கி உடுக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மூக்கம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கட்டைகளை மறுபடியும் மடியில் போட்டு முடிச்சை இறுக்கிவிட்டு, மெயின் போர்டுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள்.