முதல் வரியில் ரோஷினி

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆம்பூரில் இன்பராஜின் வீட்டுக் கூடத்தில், ரோஷினி அவனுடைய குழந்தையை இடுப்பில் வைத்தபடி தரையில் சிதறிக் கிடந்த பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் பின்னலைப் பிடித்து இழுத்தது. அவள் கடிந்துகொள்ளவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

இன்பராஜ் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். வேலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. குழந்தைகள் நலப் பணியாளர்கள் அன்றாடம் பார்க்கும் டாஷ்போர்டு என்ற விவரத் திரையைப் புதிதாக அமைத்துத் தரும் பொறுப்பு அவனிடம் வந்திருந்தது. பழைய திரையில் எல்லாக் குழந்தைகளின் பெயர்களும் ஒரே சிவப்பில் கிடக்கும். எந்தக் குழந்தையிடம் முதலில் ஓடுவது என்று தெரியாது. ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதிலேயே பணியாளர்களின் பாதி நாள் போய்விடும்.

அவன் அந்த வேலையை மனதாரச் செய்தான். புதிய திரையில் நாலைந்து கேள்விகள்தான். பதில்களை வைத்து, உடனே பார்க்க வேண்டிய குழந்தையின் பெயரை அதுவே முதல் வரிக்குக் கொண்டுவந்துவிடும். எங்கோ ஒரு பூட்டிய அறையில் ஒரு குழந்தை, யாராவது கதவைத் தட்டுவார்களா என்று காத்திருப்பதாக அவன் கற்பனை செய்துகொள்வான். அந்தக் கற்பனையில் அவனுக்குக் கண்கூடக் கலங்கும்.

திரையைச் சோதித்துப் பார்க்க அன்று ஷஹீன் பானு வந்திருந்தார். ஆம்பூரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் பார்த்துக்கொள்ளும் களப்பணியாளர். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

"பழைய டாஷ்போர்ட தொறந்தாலே போனு சூடாயிடும் சார். அது மேல தோசையே ஊத்தலாம்" என்று சிரித்தபடி உட்கார்ந்தார்.

புதிய திரையை ஷஹீன் தன் போனில் திறந்தார். சோதனைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. உண்மையான குழந்தைகளின் விவரங்களை அலுவலகத்துக்கு வெளியில் வைத்துத் திறக்கக் கூடாது. அந்த நேரம் ரோஷினி டீ கொண்டுவந்தாள். உன் பெயரையே போட்டுக்கொள்ளட்டுமா என்று ஷஹீன் கேட்டதும் அவளுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம். திரையில் தன் பெயர் எழுத்தெழுத்தாக வருவதை எட்டிப் பார்த்தாள்.

திரை கேட்டதையெல்லாம் ஷஹீன் கேட்டார். வயதைச் சொன்னாள். அம்மா திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்கிறாள், நான் சித்தி வீட்டில் இருக்கிறேன் என்றாள். பள்ளிக்கூடம் என்றதும் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"ஏழாவது போய்ட்டு இருந்தேங்க்கா. பாப்பா பொறந்ததும் நின்னுட்டேன். சித்தி கம்பெனிக்குப் போவணும் இல்ல, அதான் நான் பாத்துக்கறேன்."

ஷஹீனின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் பதிந்தார். அடுத்த நொடி ரோஷினியின் பெயர் பட்டியலில் இருந்த மாதிரிப் பெயர்களைத் தாண்டி மளமளவென்று ஏறி, முதல் வரியில் போய் நின்றது. பக்கத்தில், 'உடனே நேரில் பார்க்கவும்.'

"பாத்தீங்களா, எவ்ளோ கரெக்டா புடிக்குது" என்றான் இன்பராஜ். அவன் முகமெல்லாம் பெருமை. ஷஹீன் அவனையே பார்த்தார். அப்போதுதான் அவன் அந்தப் பெயரைப் படித்தான்.

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி சங்கீதா கையைத் துடைத்தபடி வந்தாள். அவள் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவள். காலையில் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வருவாள். "அக்கா, அவ எங்க பெரியம்மா பேத்தி. வேலக்காரியாவா வச்சிருக்கோம்? எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. நாங்க இன்னா சாப்டறோமோ அதத்தான் அவளும் சாப்டறா."

இன்பராஜுக்கு உடம்பு கூசியது. இதே வார்த்தைகளை அவன் முன்பே கேட்டிருக்கிறான். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று பணியாளர்கள் சொன்னபோது உச்சுக் கொட்டியிருக்கிறான். ஆனாலும் வாய் வேறு பேசியது.

"டெஸ்ட்டுக்குப் போட்டதுதானே மேடம், அழிச்சிடலாம். உங்களுக்கும் ஒரு கேஸ் கம்மி."

சொல்லி முடித்ததுமே, அதை வேறு யாரோ சொல்லியிருக்கக் கூடாதா என்று அவனுக்கு இருந்தது.

ஷஹீன் குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் கேஸ் கம்மியாவணும்னுதான் ஆச சார். அவ ஸ்கூலுக்குப் போனா கம்மியாவும். பேர அழிச்சா ஆவாது. நான் அழிக்க மாட்டேன். அழிக்கணும்னா நீங்களே அழிங்க." போனை அவன் முன்னால் வைத்தார். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'நீக்கு', இன்னொன்று பெயரை அலுவலகத்துக்கே அனுப்பிவிடும் 'பதிவு செய்'. இரண்டையும் வைத்தவன் அவன்தான்.

ரோஷினி மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் எதுனா தப்பா சொல்லிட்டனா சித்தப்பா? வேணும்னா மாத்திச் சொல்றேன்."

அந்த ஒரு கேள்வியில் இன்பராஜ் கூனிக் குறுகிப் போனான். தன்னிடமிருந்து பள்ளிக்கூடத்தைப் பறித்தவர்களைக் காப்பாற்ற, அந்தக் குழந்தை பொய் சொல்லவும் தயாராக நிற்கிறது. தலை நிமிராமலேயே 'பதிவு செய்' என்பதை அழுத்தினான்.

"நீ தப்பா எதுவும் சொல்லலம்மா. நாங்கதான் தப்பு பண்ணிட்டோம்" என்றான்.

சங்கீதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். நாளையிலிருந்து நான் என்ன செய்வேன் என்று யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தாள். கம்பெனியிலேயே குழந்தைகளை விட இடம் இருக்கிறதா என்று விசாரிப்போம், இல்லையென்றால் நாம் மாறி மாறி லீவு போடுவோம், அது நம்முடைய கஷ்டம் என்றான் இன்பராஜ். பிறகு அவளுக்கும் தனக்குமாகச் சேர்த்துச் சொன்னான்:

"சொந்தக்காரப் பொண்ணுன்னா படிக்க வைக்கணும் சங்கீதா. வேல வாங்கறதுக்கு சொந்தம்னு பேரு வைக்கக் கூடாது."